48 எண்களும் ஒரு பழைய நம்பரும்

வேம்பாரில் இறங்கி, 'சார் வீட்டம்மா வீடு எது?' என்று கேட்டால் ரோட்டோரம் கருப்பட்டி விற்கிறவரே கை காட்டிவிடுவார். சார் காலமாகி ஒன்றரை வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டார். முத்துக்குளிக்கக் கடலுக்குள் இறங்கியவர்களில் மிச்சமிருந்த பெரியவர்களைத் தேடிப் போய், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேச வைத்துப் பதிவு செய்வது.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்றைக்கு இருபது வயதில் காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்கிய ஆளுக்கு, சார் மைக்கை நீட்டிய 2019-ல் வயது எழுபத்தெட்டு. இன்னும் இரண்டு மூன்று வருஷம் போனால் கேட்க ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வெயில் பார்க்காமல் அலைந்தார். மொத்தம் 31 பதிவுகள். முதலில் செல்போனில் இருந்தன. 2022-ல் ஒரு புது லேப்டாப் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். அதற்கடுத்த மழைக்காலத்தில் அந்த செல்போன் கீழே விழுந்து உடைந்தது. சிம்மை மட்டும் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுக்கொண்டார். 2023 ஜனவரியில் அவரும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பை வீட்டம்மா மாசத்துக்கு ஒரு தடவை திறப்பார். துணியால் துடைத்து, சார்ஜ் போட்டு, ஒரு பதிவைக் கொஞ்ச நேரம் ஓட விடுவார். பெரியவர்கள் பேசுவதற்கு நடுவில் 'அப்புறம்?', 'சொல்லுங்க மாமா' என்று சாரின் குரல் வரும். அவ்வளவுதான் வேண்டும் அவருக்கு.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பா, சார் பதிவு செய்த பெரியவர்களில் ஒருவர். முந்தின வருஷம் ஜூலையில் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி.

"யக்கா, அப்பா சாவுக்குத்தான் வர முடியல. சார் அவர் பேச்சைப் பிடிச்சு வெச்சிருக்காருன்னு சொன்னாங்க. பூசை முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. கேக்க முடியுமாக்கா?"

'அதுக்கென்ன, தாராளமா' என்று அனுப்பி வைத்தார். இரவு லேப்டாப்பைத் திறந்தார். அந்தப் பதிவு இருந்தது, 42 நிமிஷம். அணைக்கப் போகும்போது, வழக்கமாக 'ஷட் டவுன்' இருக்கும் இடத்தில் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று இருந்தது. அதையே அழுத்திவிட்டு மூடி வைத்தார். சார் இருந்த காலத்தில் அவரும் அதைத்தான் அழுத்துவார்.

சனிக்கிழமை காலை திறந்தால் முழுத்திரையும் நீலம்.

அந்த நீலத்தை அவர் முந்தின நாள் பூராவும் டிவியில் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை உலகம் முழுக்க விமான நிலையங்கள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் நின்று போயிருந்தன. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த படம் எல்லோர் செல்போனிலும் சுற்றியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்டில் பிழை. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பினார்கள், 10.57-க்குத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிஷத்துக்குள் அதை வாங்கிக்கொண்ட சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலமாகிப் படுத்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு.

ஆகவே அண்ணன் மகன் வந்து பார்த்ததும் சந்தேகமே படவில்லை. பாலிடெக்னிக் படிக்கிற பையன், வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான்.

"அத்தை, இது உலகம் பூரா வந்திருக்க நோயி. நேத்து எங்க காலேஜ் குரூப்புல இதே பேச்சுதான். மருந்து எங்கிட்ட இருக்கு, கவலைப்படாதிய."

மருந்து என்று அவன் சொன்னது பொய்யில்லை. பாதித்த கம்ப்யூட்டர்களை சேஃப் மோடில் திறந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பை நீக்கினால் எழுந்துவிடும் என்று அந்த நிறுவனமே அறிவித்திருந்தது. கிளவுடில் ஓடுகிற கம்ப்யூட்டர்களைத் திரும்பத் திரும்ப, 15 தடவை வரைகூட ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னதும் உண்மை. பையன் 15 தடவையும் செய்தான். ஒவ்வொரு தடவையும் அதே நீலம்.

பிறகு அவன் யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டு, ஆன் செய்யும்போது எஃப்2-வை விடாமல் தட்டி பயாஸுக்குள் போனான். விண்டோஸ் எழுவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் கண் விழித்ததும் ஓடுகிற அடிப்படை நிரல் அது. டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அமைப்பெல்லாம் அங்கேதான் இருக்கும். வீடியோவில் ஒருவர் எதையோ மாற்றச் சொன்னார், இவனும் மாற்றினான். 'சேவ்' கொடுத்தான். மறுபடி நீலம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பையன் கெட்டிக்காரன், அத்தை மேல் பாசமும் உண்டு. ஆனால் அன்று காலையிலிருந்து அவன் செய்யாதது ஒன்றுதான். அந்த நீலத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

மதியம் இரண்டு பேரும் லேப்டாப்பைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்கள். ஆடிக் காற்றில் பஸ் ஜன்னல் வழியாக மணல் வந்து அடித்தது. கடைக்காரர் திறந்து பார்த்தார், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சாவி கேக்குதும்மா. சாவி இருக்கா?"

"எந்தச் சாவி?"

"அப்ப ஃபார்மட் போட்டுரலாம். 1,500 ஆகும். புதுசு மாதிரி ஆயிரும். உள்ள இருக்கது மட்டும் வராது."

'உள்ள இருக்கதுதான் தம்பி எனக்கு வேணும்' என்றார் அவர். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டு எடுக்க முடியாதா என்று பையன் கேட்டான். முடியாது, அது பூட்டின டிஸ்க், சாவி இல்லாமல் எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும் என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. 'சரின்னா இப்பவே போட்டுரலாம், நாளைக்குக் கடை லீவு' என்றும் சொன்னார்.

பையன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். அவர் லேப்டாப்பை மூடினார், பையில் வைத்தார், எழுந்துவிட்டார். எதனால் அப்படிச் செய்தார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. 'இருக்கட்டும்னு தோணுச்சு' என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சரியான காரியங்களில் முதலாவது அதுதான்.

மகளை ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று யாருக்கும் தோன்றும். மகள் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை நீலத்தில் அவளுடைய கம்பெனியும் மாட்டிக்கொண்டது. வெள்ளி மதியம் உட்கார்ந்தவள் சனிக்கிழமை விடிகாலையில்தான் ரூமுக்குப் போனாள். 'பிள்ளை தூங்கட்டும்' என்று அம்மா போன் செய்யவில்லை. தாய்மார்களின் இந்தக் கரிசனத்தால் எத்தனை காரியம் ஒருநாள் தள்ளிப் போகிறதோ!

இரவு எட்டு மணிக்கு மகளே வீடியோ காலில் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

"எம்மா, அந்தத் திரையில சோக மூஞ்சி ஒண்ணு இருக்கா?"

இல்லை.

"அப்ப என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே வாசி."

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிட்லாக்கர் ரெக்கவரி. இந்த டிரைவுக்கான ரெக்கவரி சாவியைத் தட்டவும். அதற்குக் கீழே ஒரு கட்டம். அதற்கும் கீழே 'கீ ஐடி' என்று நீளமாக எண்ணும் எழுத்துமாக ஒன்று.

"நேத்து டிவியில பாத்தது வேற, இது வேறம்மா. கலர்தான் ஒண்ணு."

கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் பெரும்பாலும் நிறுவனங்கள் வாங்குவது, சார் மாதிரி வீட்டுக்கு லேப்டாப் வாங்குகிறவர்களிடம் இருப்பதில்லை. அதில் வந்தது விண்டோஸ் தடுமாறி விழுந்ததற்கான திரை, அப்போது அது சோக முகம் போட்டு வந்தது. இது விழவே இல்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு 'நீ யார்?' என்று கேட்கிறது.

விஷயம் இதுதான். இப்போது வருகிற பல விண்டோஸ் லேப்டாப்களில், முதல் நாள் மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்துத் தொடங்கும்போதே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடும். லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. அந்தப் பூட்டின் சாவி, உள்ளே இருக்கும் டிபிஎம் என்கிற ஒரு சில்லுவிடம் இருக்கிறது. அதை ஒரு பழைய வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாளி தினமும் நடந்து வருகிற சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடுவான், அதனால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. ஒருநாள் முதலாளி செருப்பை மாற்றிக்கொண்டு வந்தால் நடைச் சத்தம் மாறிவிடும். சந்தேகப்பட்டு, 'சாவியைக் காட்டு' என்பான். அப்டேட்டோடு சேர்ந்து பயாஸும் புதுப்பிக்கப்படும்போது இப்படித்தான் சில சமயம் ஆகிறது. பூட்டு கெட்டுப் போகவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது.

வெள்ளிக்கிழமை நிகழ்விலும் இதே பூட்டு பல அலுவலகங்களைப் படுத்திவிட்டது. அந்தக் கோப்பை நீக்கப் போனால் முதலில் பூட்டு சாவியைக் கேட்டது. சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரே சில இடங்களில் நீலமாகிக் கிடந்தது. 'சாவியை உள்ள வெச்சுக் கதவைச் சாத்தின கதைதான்மா' என்று சிரித்தாள் மகள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவளுக்கு.

"சரி, சாவி எங்க இருக்கும்?"

"அப்பாவோட மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும். உள்ள போனா டிவைஸ் பட்டியல்ல இந்த லேப்டாப் பேரும், ரெக்கவரி சாவியும் இருக்கும். அப்பா ஈமெயில் எனக்குத் தெரியும். பாஸ்வேர்ட் என்னம்மா?"

யாருக்குத் தெரியும்! லேப்டாப்பைத் திறக்க நாலு இலக்கப் பின் நம்பர்தான் வீட்டம்மாவுக்குத் தெரியும், அது மகள் பிறந்த தேதி. கணக்கின் பாஸ்வேர்ட் சாரோடு போயிற்று. டைரிகளைப் புரட்டினார்கள். பாடக்குறிப்பு இருந்தது, பால் கணக்கு இருந்தது. வேம்பார், வைப்பார் என்று ஊர்வாரியாகப் பெரியவர்களின் பெயரும் வயதும் இருந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. பாஸ்வேர்ட் மட்டும் இல்லை.

'பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்' என்பதை மகள் அழுத்தினாள். அடையாளத்தை உறுதி செய்ய ஒரு குறியீடு அனுப்பப் போகிறேன், எந்த எண்ணுக்கு என்று வந்தது. முழு எண்ணைக் காட்டவில்லை, கடைசி இரண்டு இலக்கம் மட்டும். மகள் அதை வாசித்தாள். வாசித்துவிட்டு, 'இது அப்பாவோட பழைய நம்பர்ம்மா' என்று சொன்னவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

இறந்துபோனவரின் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் சும்மா கிடக்கிற நம்பரைச் சில மாசத்தில் கம்பெனிக்காரர்கள் எடுத்து, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒன்றரை வருஷம் ஆயிற்றே.

வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்தப் பட்டன் போன் இருந்தது. நாலு கோடு சிக்னல், முக்கால்வாசி சார்ஜ்.

"இதுலதான இருக்கு அந்த நம்பரு?"

ஒன்றரை வருஷமாக ஒரு மாசம் தவறாமல் அதற்கு ரீசார்ஜ் போட்டு வந்திருக்கிறார். மகளுக்கும் தெரியாது, அண்ணன் வீட்டுக்கும் தெரியாது. ரீசார்ஜ் போடுகிற கடைக்காரப் பெண் மட்டும் ஒருநாள், 'யாரும் பேசாத போனுக்கு எதுக்கும்மா துட்டைக் கொட்டுதிய' என்று கேட்டாளாம். அந்த ஜூலையில்தான் கட்டணமும் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்முன் சார்ஜில் போடுவது, வந்ததும் எடுத்து பீரோவில் சார் சட்டைகளுக்கு நடுவில் வைப்பது. அந்த நம்பர் வேறொருத்தர் கைக்குப் போய், தெரியாத குரல் 'ஹலோ' சொல்லிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். வேறு கணக்கு எதுவும் அவர் மனசில் இல்லை.

மகள் கோயம்புத்தூரில் பட்டனை அழுத்தினாள். வேம்பாரில் பீப் என்று ஒரு சத்தம். அந்த போனுக்கு மெசேஜ் வந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும்! குறியீட்டை வாசித்தார். புது பாஸ்வேர்ட் போட்டார்கள். சாவிப் பக்கத்தைத் திறக்க இன்னொரு குறியீடு கேட்டது, அதுவும் அதே போனுக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் 'கீ ஐடி' என்று இருந்த முதல் எட்டு எழுத்தையும் லேப்டாப் திரையில் இருந்த எட்டையும் ஒத்துப் பார்த்தாள். ஒரே மாதிரி இருந்தன. அப்படி ஒத்துப் பார்ப்பது முக்கியம். ஒரே கணக்கில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் சாவியும் இரண்டு மூன்று இருக்கும்.

சாவி என்பது 48 எண்கள். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். மகள் சொல்லச் சொல்ல அம்மா தட்டினார். மூன்றாவது கூட்டத்தில் ஓர் இலக்கம் மாறிவிட்டது, லேப்டாப் உடனே தப்பு என்று சொன்னது. எப்படிக் கண்டுபிடித்தது என்று பையனுக்கு ஆச்சரியம். ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள், ஓர் இலக்கம் மாறினாலே வகுபடாது. பையன் செல்போன் கால்குலேட்டரில் எட்டையும் வகுத்துப் பார்த்தே விட்டான்.

48-ம் முடிந்து என்டர் தட்டியதும் நீலம் போயிற்று. வட்டம் சுற்றியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுபடி நீலம். இந்தத் தடவை சோக மூஞ்சியோடு.

வாசித்தார்கள். தொடங்குவதற்கான டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். சாவி சரி, கதவும் திறந்தாயிற்று, ஆனால் உள்ளே போக வழி இல்லை. மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "எல, காலையில பயாஸுக்குள்ள போனியே, என்னத்த மாத்துன?" என்றாள்.

பையன் தலையைச் சொறிந்தான். வீடியோவில் சொன்னதை மாற்றினான், முன்னால் என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை. அத்தைக்கு முகம் கொடுக்க முடியாமல் அவன் தன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். திடீரென்று, 'இருங்க, இருங்க' என்றான். மாற்றுவதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பி, 'இது என்னல?' என்று கேட்டிருக்கிறான். நண்பன் பதில்கூடப் போடவில்லை, படம் மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருந்தது. டிஸ்க் இயங்கும் முறை என்னவாக இருந்தது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

பழையபடி மாற்றி வைத்தார்கள். நடை மறுபடி மாறியதால் வாட்ச்மேன் மறுபடி சாவி கேட்டான். இன்னொரு தடவை 48 எண்கள். இந்த முறை வீட்டம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. மணி பதினொன்றே கால் இருக்கும், நாலு இலக்கப் பின் நம்பர் கேட்கிற பழைய திரை வந்தது.

வட்டம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்திலும், பிறகு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த நேரத்திலும் மகள் சும்மா இருக்கவில்லை. தம்பிக்குப் பாடம் எடுத்தாள். அப்டேட் ஆகி, கறுப்புத் திரை மட்டும் வந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்திப் பார், திரைக்கான டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரம்கூட விடு. சார்ஜர் மாட்டியிருக்கட்டும். நடுவில் பவர் பட்டனை அழுத்தி அணைப்பதால்தான் பாதிப் பிரச்னை வருகிறது. பென் டிரைவ், பிரின்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு தடவை ஆன் செய். அப்படியும் எழவில்லை, இரண்டு மூன்று தடவை தொடங்கித் தோற்றுவிட்டது என்றால் விண்டோஸே தானாக ஒரு பழுதுபார்க்கும் திரையைக் கொண்டுவரும். அதில் கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்குகிற வழியும் இருக்கிறது, பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் இருக்கிறது. பெரிய அப்டேட் வந்து பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே போகலாம். ஃபார்மட் என்ற வார்த்தை இதெல்லாம் முடிந்த பிறகுதான் வாயில் வர வேண்டும். பயாஸைத் தொட வேண்டுமென்றால் முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடு.

"தொடுறதுக்கு முன்னால படம் எடு. அத மட்டும் செஞ்சிருக்க, அதனால பிழைச்ச."

பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அந்த இரவே 31 பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினார்கள். மகள் இருக்கும் ஊருக்கு இணையம் வழியாகவும் ஒரு பிரதி போயிற்று, அது முடிய விடியற்காலை ஆகிவிட்டது. 48 எண்களையும் வீட்டம்மா தன் கையால் இரண்டு தாளில் எழுதினார். ஒன்றை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். மற்றதை அண்ணன் வீட்டில் கொடுத்து, பத்திரத்தோடு வைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து அந்தப் பெரியவரின் வீட்டு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றை மாட்டியிருந்தான் பையன். பெரியவரின் குரல் வந்தது. எந்தப் பார் எத்தனை பாகம் ஆழம், கல்லோடு இறங்கும்போது காது எப்படி அடைக்கும், மேலே கயிறு பிடித்திருப்பவன் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு இருமல். அந்த இருமலுக்குத்தான் மஸ்கட்டிலிருந்து வந்த மகன் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு இடத்தில் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். பதிவில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு சாரின் குரல், 'பரவாயில்ல மாமா, மெதுவா சொல்லுங்க' என்றது. முற்றத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பி வீட்டம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பையன் கேட்டான்: "அத்தை, மாமா கணக்குல பழைய நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போட்டுரவா? இனிமே அந்த போனுக்கு ரீசார்ஜ் போட வேண்டாம்லா."

"அத எடுக்காத. என் நம்பரையும் கூடச் சேத்துப் போடு."

அந்த மாச ரீசார்ஜ் முடிய நாலு நாள் இருந்தது. போகிற வழியில் கடை திறந்திருந்தது. பையனே உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தான்.